தப்பாக வரைந்து காட்டிய படம்

அண்டாவைக் கவிழ்த்துப் போட்டால் நல்ல மேஜை கிடைக்கும் என்பதை மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில்தான் தெரிந்துகொண்டேன். ஊரையே உட்கார வைத்துச் சாம்பார் ஊற்றக்கூடிய அண்டா அது. கரி படிந்த அதன் அடிப்பாகத்தில் பழைய கன்னடப் பேப்பரை விரித்து, அதற்கு மேல் நான் வரைந்து கொண்டுபோன சார்ட் பேப்பரை விரித்தேன். விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கு ஒரு கரண்டி வைத்தார் சுமதி.

நான் வரைந்திருந்த படம் தப்பு. தெரிந்தே தப்பாக வரைந்து எடுத்துப் போயிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பாத்திரம், நாற்காலி, ஷாமியானா எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கடை அது. அண்டாவைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். பெரியவர் நாச்சிமுத்து கடை முதலாளி. அவருடைய தம்பி தங்கவேலுவுக்கு டெம்போவும் ஆட்களும் பொறுப்பு. தங்கவேலுவின் மனைவி சுமதி போனில் ஆர்டர் எடுப்பார். கொள்ளேகால் பக்கமிருந்து வந்து இந்த ஊரில் ஊன்றிய குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும்.

இந்தப் படத்தைப் பார்த்து மூவரும் "நெம்ப சரி" என்று சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. அது ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நொட்டை சொல்வதற்குச் சம்பளம்

அப்போது நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. காலையிலிருந்தே பன் வாசனை வரும், வேலை ஓடாது. மற்றவர்கள் செய்து முடித்ததில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது என் வேலை. நொட்டை சொல்வதற்குச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறவியிலேயே எனக்கு அது கைவந்தது என்று அம்மா சொல்வாள்.

ஆனால் எனக்கு அந்த டெஸ்டிங் மேஜை பிடிக்கவில்லை. எல்லாம் கட்டி முடித்த பிறகு கூப்பிட்டு, "கோகிலா, கூரை ஒழுகுதா பாரு" என்பார்கள். கூரையே தேவையில்லாத இடத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால், அது உன் வேலை இல்லை என்பார்கள். வாடிக்கையாளரை நேரில் பார்த்து அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருகிற வேலை எனக்கு வேண்டும் என்று வருஷக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாஷையில் அதற்கு ரிக்வயர்மென்ட் எடுப்பது என்று பெயர்.

ஒருநாள் முதலாளி ரவிகிரண் என் மேஜைக்கு வந்தார். அவர் பேசுவது கன்னடம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். "மண்டி மொஹல்லாவுல ஒரு பாத்திரக் கடை. அவங்க தமிழ், நீயும் தமிழ். போயிட்டு வா."

எனக்கு இருந்த தகுதி அவ்வளவுதான். மொழி தெரிந்தால் மனசில் இருப்பதும் தெரிந்துவிடும் என்று அவர் நினைத்தார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அளவு ஜாக்கெட் இல்லாத தையல்

தேவராஜ மொஹல்லாவில் நான் துணி கொடுக்கிற தையற்காரர் ஒருவர் இருக்கிறார். எப்படித் தைக்கணும் என்று அவர் யாரையும் கேட்கவே மாட்டார். கேட்டால் "நல்லாத் தைங்க" என்ற பதில்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். "அளவு ஜாக்கெட் இருக்கா?" என்பார். அதைக் கொடுத்ததும் நமக்கு வாய் திறந்துவிடும். இதே மாதிரிதான், ஆனால் கை கொஞ்சம் இறக்கம், கழுத்து இவ்வளவு வேண்டாம், போன தடவை அக்குள்ல பிடிச்சுது.

என் தொழிலில் அளவு ஜாக்கெட் கிடையாது. இதுவரை இல்லாத ஒன்றைப் பற்றி, அதை ஒருநாளும் பார்த்திராதவர்களிடம் போய், அது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

முதல் தடவை போனபோது பில்டர் காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணக்காரர்களுக்கு ஒரே அண்டாவை வாக்குக் கொடுத்து மானம் போன கதையைப் பெரியவரே சொன்னார். இனி அப்படி நடக்கக் கூடாது, அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

"எங்களுது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க அம்மிணி," என்றார். "சாமான் போகும், திரும்பி வரும். குடோன்ல எண்ணிக் கழுவித் தொடச்சு வெச்சாத்தான் அடுத்த ஊட்டுக்குப் போகும். நம்ம கடையில அது கண்டிசன். அஷ்டே."

அஷ்டே என்றால் அவ்வளவுதான். தம்பி தலையாட்டினார். சுமதி தலையாட்டினார். நான் வரி விடாமல் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னபடியே செய்தும் கொடுத்தோம்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூப்போட்டு, மேலே துண்டு போர்த்தி மூடி வைத்திருந்தார்கள்.

"நல்லா இருக்குதுங்களா?"

"நெம்ப சரியா இருக்குதுங்க," என்றார் பெரியவர்.

"அப்பறம் ஏங்க உபயோகப்படுத்தல?"

"பண்ணிக்கலாம்ங்க," என்றார் தங்கவேலு.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முடியாது என்கிற வாடிக்கையாளர் தெய்வம். பண்ணிக்கலாம்ங்க என்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சரி, எழுத்து சின்னதாக இருக்கிறதோ என்று பெரிதாக்கினோம். நிறம் மாற்றினோம். தமிழிலும் கன்னடத்திலும் போட்டுக் கொடுத்தோம். மறுபடி போனேன். அதே துண்டுதான் மூடியிருந்தது. துவைத்துப் போட்டிருந்தார்கள், அது ஒன்றுதான் முன்னேற்றம்.

சுமதியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "பெரிய மாமா சொன்னாச் சரிதானுங்க," என்றார். தங்கவேலுவை டெம்போ பக்கத்தில் மடக்கிக் கேட்டேன். "அண்ணன் சொன்னதுதானுங்க," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் டெம்போவின் டயரைப் பார்த்தார். எங்கோ இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கே என்று மட்டும் தெரியவில்லை.

ரவிகிரண் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இன்னும் ஒரே ஒரு மீட்டிங், கோகிலா. அதுவும் கவுந்தா இந்த வேலையை பெங்களூர்ல இருந்து வேற ஆளை வரவழைச்சுப் பார்த்துக்கறேன். நீ பழையபடி டெஸ்டிங்குக்குப் போயிடு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் மேல் ஆத்திரம், மூன்று பேர் ஒன்று போலத் தலையாட்டியதன் மேல் ஆத்திரம். அந்த மேஜைக்குத் திரும்பிப் போனால் நான் சாகும்வரை கூரை ஒழுகுதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அம்மா போனில் பேசினாள்

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா மேல்தான் எரிந்து விழுந்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஹனூரில் இருக்கிற அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவுடன் போனில் இருந்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க பொண்ணுக்குப் பெங்களூர்ல டாக்டர் மாப்பிள்ளையாமே? பெரிய எடமாமே?"

அதற்குப் பிறகு அம்மா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் மடை திறந்துவிட்டது. அம்மா "ம்" மட்டும் கொட்டிக்கொண்டு, அவரைக்காயை நார் உரித்து முடித்தாள். போனை வைத்துவிட்டு எனக்குச் சேதி சொன்னாள். டாக்டரும் இல்லை, பெங்களூரும் இல்லை. நஞ்சன்கூடு, மெடிக்கல் ரெப். இன்னும் முடிவாகவில்லை, பையனுடைய அத்தை முட்டுக்கட்டை போடுகிறாளாம்.

"டாக்டர்னு உன்கிட்ட யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல."

"பின்னே பொய்தானே சொன்னே?"

"பொய்யா? மாப்பிள்ளையாமேன்னு கேட்டேன். கேக்கறதுக்குமா குத்தம்?" என்றாள். "ஒரு மாசமா நேராக் கேட்டுப் பாத்தாச்சு. எல்லாம் அவன் செயல்ங்கறா. கேட்டா வாய் தொறக்க மாட்டா. தப்பாச் சொன்னா மட்டும் பொறுக்க மாட்டா."

நான் அவரைக்காய்த் தட்டத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கடையில் ஒருவருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. பெரியவர் ஒன்று சொன்னபின் அதை மறுத்துப் பேசுவது அந்த வீட்டு வழக்கத்திலேயே இல்லை, அதிலும் வெளியாள் முன்னால். மூத்தவர் வாயிலிருந்து வந்த சொல் தப்பு என்று தம்பியோ தம்பி மனைவியோ எப்படிச் சொல்வார்கள்? ஆனால் என்னைத் தப்பு என்று சொல்லலாம். நான் யார்? அங்கே எனக்கு என்ன மரியாதை போய்விடப்போகிறது?

பெரியவர் சொன்ன விதியை எடுத்து, அதற்கு மேல் என் கைச்சரக்காக ஒரு கிறுக்குத்தனத்தைச் சேர்த்து, நான்தான் இப்படிப் புரிந்துகொண்டேன் என்று அவர்கள் முன்னால் வைக்க வேண்டும். திட்டினால் என்னைத் திட்டட்டும். கடைக்குப் போய் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்தேன்.

பெரியவர் பேனா கேட்டார்

இப்போது அண்டாவுக்குத் திரும்புவோம்.

படத்தில் ஒரு குடோன். அதிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு ஒரு அம்பு. மண்டபத்திலிருந்து குடோனுக்குத் திரும்ப ஒரு அம்பு. குடோனுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய பூட்டு.

"அது என்னங்க பூட்டு?" என்றார் பெரியவர்.

"நீங்கதானுங்களே சொன்னீங்க, குடோனுக்கு வந்து, எண்ணிக் கழுவித் தொடச்சுத்தான் வெளிய போகும்னு," என்றேன். என் முகத்தில் அவ்வளவு அப்பாவித்தனம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. "கழுவினா நல்லாக் காயணும் இல்லீங்களா? அதனால திரும்பி வந்த சாமானை ரெண்டு நாளைக்குக் கம்ப்யூட்டர் பூட்டிரும். யார் கேட்டாலும் தராது."

சுமதி குனிந்து பூட்டை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு நாளா?" என்றார் சுமதி. சொன்னவர் உடனே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க, பத்தாதுங்களா? மூணு நாளாப் போட்டுறட்டுங்களா?"

தங்கவேலுவுக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க. தை மாசத்துல ரெண்டு நாள் பூட்டினாக் கடையவே பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். மத்தியானம் அக்ரஹாரத்துல பந்தி முடியும். சாயங்காலம் அடுத்த மண்டபத்துல அதே அண்டாவுல—"

அங்கே நிறுத்தினார். அண்ணனைப் பார்த்தார். தங்கவேலுவின் முகம் வெளுத்துவிட்டது.

பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். என்னை எழுந்து போகச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். கையை நீட்டி, "பேனா குடுங்க," என்றார்.

கொடுத்தேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மண்டபத்தை அவரே வரைந்தார். முதல் மண்டபத்திலிருந்து இரண்டாவதுக்கு நேராக ஒரு கோடு இழுத்தார். குடோன் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே வரவில்லை.

"முகூர்த்த காலத்துல எந்த அண்டா அம்மிணி குடோனுக்கு வருது?" என்றார். "மண்டபத்துக் கொல்லையிலயே கழுவி, வண்டியில ஏத்தி, நேரா அடுத்த எடத்துக்குப் போயிரும். குடோனுக்கு வந்துதான் போவணும்னா, ராத்திரிச் சாப்பாடு மறுநாள் காலையிலதான் வேகும்."

தங்கவேலு அண்ணனை வாய் பிளந்து பார்த்தார். "அண்ணா, உங்களுக்குத் தெரியுமா?"

"வண்டிக்கு டீசல் போடறது நான்தானடா."

"நாங்க உங்களுக்குத் தெரியாதுன்னு இத்தனை வருசமா..."

"நீங்களும் சொல்லல, நானும் கேக்கல," என்றார் பெரியவர். "குடோன்ல கழுவித்தான் குடுப்போம்னு பார்ட்டிக்கு நான் வாக்குச் சொல்றேன். அம்மிணிகிட்ட மட்டும் மாத்திச் சொன்னா நல்லா இருக்குமா?"

முதலில் சிரித்தது சுமதிதான். தலைப்புக்குள் சிரித்துக்கொண்டிருந்தவர் அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டார். பெரியவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்ப்யூட்டரை ஏன் துண்டு போட்டு மூடினார்கள் என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது. சாமான் குடோனுக்குத் திரும்பி வந்தது என்று யாரும் பதியாததால், எல்லா அண்டாவும் எங்கோ போய்விட்டது, கையில் ஒன்றுமே இல்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் கட்டியது, முகூர்த்த காலத்தில் அங்கே இல்லவே இல்லாத ஒரு கடைக்கான சாஃப்ட்வேர்.

ஜல்லிக்கரண்டி யார் தலையில்

அதற்குப் பிறகு அங்கே நடந்தது சண்டை. என் வாழ்க்கையிலேயே நான் ரசித்த சண்டை அதுதான்.

"காலைக் கல்யாணத்துல ஒரு ஜல்லிக்கரண்டி தொலைஞ்சுட்டா, அதைச் சாயங்காலப் பார்ட்டி தலையில கட்டறோம். போன்ல வசவு வாங்கறது நான்தானுங்க மாமா," என்றார் சுமதி. இத்தனை நாள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர்.

"வண்டி ஏத்தற அவசரத்துல எண்ண முடியுமா?" என்றார் தங்கவேலு.

"எண்ணாம ஏத்தினா இனிமே டீசல் கெடையாது," என்றார் பெரியவர்.

ஒருவர் பேனாவை ஒருவர் பிடுங்கினார்கள். சமையற்காரர் சொந்தக் கரண்டியைக் கொண்டுவந்து நம்முடையதோடு கலந்துவிடுகிற பிரச்சினை வந்தது. மண்டபத்திலேயே எண்ணி, அங்கேயே போனில் ஏற்றிவிட வேண்டும் என்கிற முடிவு வந்தது. அதைச் சொன்னது தங்கவேலு. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எண்ணவே முடியாது என்றவர். நான் வாயே திறக்கவில்லை. பேச்சு நிற்கிற மாதிரி தெரிந்தால் மட்டும் ஒரு தப்பைச் சொன்னேன்.

"அப்போ சமையற்காரர் கரண்டியையும் நம்ம கணக்குல சேத்துக்கலாமுங்களா?"

"ஐயோ, வேண்டாம்ங்க," என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் என் மேல் பாய்ந்தார்கள்.

சார்ட் பேப்பரில் இடம் தீர்ந்து, அடியில் விரித்திருந்த கன்னடப் பேப்பரின் ஓரத்திலும் எழுதினோம். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஆபீசுக்கு வந்தேன். மண்டி மொஹல்லா சந்துகளில் ஆட்டோக்காரர்கள் என்ன திட்டினாலும் அன்றைக்கு எனக்குக் காதில் விழவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ரவிகிரண் சுருளைப் பிரித்துப் பார்த்தார். "இதுல உன் எழுத்தே இல்லையே?" என்றார்.

"அதனாலதான் சார் இது சரியா இருக்கும்," என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் செய்யச் சொன்னார். ஓடினால் பார்க்கலாம் என்றார்.

தை மாசம் வந்தது

ஓடுகிறதா என்று தை மாசத்தில் ஒரு முகூர்த்த நாளன்று ரவிகிரணே நேரில் பார்க்க வந்தார். கடையில் கால் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டர் மேல் துண்டு இல்லை. சுமதி தோளில் போனை இடுக்கிக்கொண்டு அதைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்ரஹாரத்து மண்டபத்தில் பந்தி முடிந்து, தங்கவேலு அங்கிருந்தே எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அண்டாவும் இந்த மண்டபத்தை விட்டு அடுத்த மண்டபத்தின் பெயருக்கு மாறுவதைத் திரையில் பார்த்தோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பெரியவருக்கு ஒரு போன் வந்தது. யாரோ வேண்டியவர்கள், சாயங்காலத்துக்குப் பெரிய அண்டா கேட்டார்கள். அவர் சுமதியைப் பார்த்தார். சுமதி திரையைப் பார்த்துவிட்டுத் தலையை இடவலமாக ஆட்டினார்.

"இல்லீங்க. இன்னைக்கு இல்லீங்க. வேற எடத்துல சொல்லிக்குங்க," என்று பெரியவர் போனை வைத்தார்.

"மாமா இல்லன்னு சொல்லி நான் கேட்டதே இல்லீங்க," என்றார் சுமதி என் காதில். "வாக்குக் குடுத்துட்டு, எங்க தலைய உருட்டுவாரு."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கல்யாண மண்டபச் சொந்தக்காரர், பெரியவருக்குப் பழைய சிநேகிதர், கன்னடக்காரர். அவருக்கும் இதுபோல ஒன்று வேண்டும் என்று ரவிகிரணிடம் கன்னடத்தில் சொன்னார். "நாங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து, என்ன வேணும்னு நல்லா யோசிச்சு எழுதிக் குடுத்துடறோம்," என்றார்.

ரவிகிரண் சரி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியவர் அதே கன்னடத்தில் குறுக்கிட்டார்.

"ஒண்ணும் எழுதாதீங்க. நமக்கு என்ன வேணும்னு நமக்கே சொல்லத் தெரியாது. இந்தப் பொண்ணு வரும். ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் தப்புத் தப்பா வரைஞ்சு காட்டும். திருத்தாம உக்காந்திருங்க பாக்கலாம்."

எனக்குக் காது மடல் சூடானது. அன்றைக்கு அண்டாவுக்கு முன்னால் அவர் கண்ணாடியை எடுத்து மாட்டியது என் படத்தைப் பார்க்க இல்லை, என்னைப் பார்க்கத்தான். நான் வேண்டுமென்றே தப்பாக வரைந்திருக்கிறேன் என்று பூட்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பேனா கேட்டிருக்கிறார்.

மண்டபக்காரர் சிரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரவிகிரண் பக்கம் திரும்பி, "யாரை அனுப்புவீங்க? பெங்களூர்ல இருந்து யாராவது வருவாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் வர மாட்டாங்க," என்றார் ரவிகிரண். "எங்க கோகிலா மேடம்தான் வருவாங்க."

அதுவரை அவர் என்னை மேடம் என்று சொன்னதே இல்லை.